இளையவர் இருந்த ஒன்றரை வருடம்

கயிற்றுக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். சீப்பில் சீவிய சணலை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அதன் நுனியை ராட்டின் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒருவர் ராட்டைச் சுற்ற, மற்றவர் விரல்களால் நாரை விட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்த இடத்தில் இழை மெலிந்துவிடும். துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கொட்டகை முந்நூறு அடி நீளம். ஒரு கோடியில் ராட்டு, மறுகோடியில் வெறும் சுவர். நடுவில் நாள் முழுக்கச் சணல் தூசி, வெயில் விழும் இடமெல்லாம் மஞ்சளாகப் பறந்துகொண்டிருக்கும்.

கொட்டகையை நடத்தியவரைக் கயிற்றுக்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். மனைவி இல்லை. ஒரே மகள். ஆண்களைவிட ஒரு சாண் உயரம் என்பதால் அவளுக்கு நெட்டை என்று பெயர் விழுந்து, கடைசியில் அப்பாவே அப்படித்தான் கூப்பிட்டார். ராட்டைச் சுற்றியது கயிற்றுக்காரரின் தங்கை. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். நெட்டைக்கு அத்தை. வாய் ஓயாது, கையும் ஓயாது. இவர்களைத் தவிர சணல் சீவ நான்கைந்து பெண்கள் வந்து போனார்கள்.

நெட்டைக்கு இருபத்து நான்கு வயது நடந்தபோதுதான் மாளிகை இளையவர் முதல் தடவையாகக் கொட்டகைக்கு வந்தார். குன்றின் மேல் இருந்த அந்த மாளிகையின் ஜன்னல்கள் துறைமுகத்தில் எங்கே நின்றாலும் தெரியும். ஊரில் பாதி நிலம் அவர்களுடையது. அம்மா சொல்வதுதான் அங்கே சட்டம். அண்ணன் மூத்தவர் நிர்வாகம் பார்த்தார். இளையவர் பாய்மரப் படகு ஓட்டினார், புத்தகம் படித்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

அறுந்த கயிறு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நல்ல மழை. மேல்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இது நேத்து நடுக்கடல்ல அறுந்துபோச்சு. பாய் கிழிஞ்சு, நான் பிழைச்சதே பெரிசு. இப்படித்தான் கயிறு செய்வீங்களா?"

நெட்டை கயிற்றை வாங்கி, நுனியைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"இது எங்க கயிறு இல்லைங்க."

"உங்க கொட்டகைலதான் வாங்கினதா எங்க ஆள் சொன்னான்."

"உங்க ஆள் சொல்லலாம். கயிறு வேற சொல்லுது. நாங்க மூணு புரி போடுவோம். இது ரெண்டு புரி, நடுவுல பழைய நாரை வச்சுத் திணிச்சிருக்கு. உங்க ஆள் உங்களுக்கு நல்லாக் கயிறு திரிச்சிருக்கார். அந்த வேலையை எங்களுக்கு விட்டுடச் சொல்லுங்க."

ராட்டுப் பக்கத்திலிருந்து அத்தை சிரித்துவிட்டாள். இளையவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவரும் சிரித்தார். மழை விடும்வரை உள்ளே நின்று அவள் வேலை செய்வதைப் பார்த்தார். முகம் தன் பக்கமும் கால் எதிர்ப் பக்கமுமாக, இத்தனை நிதானமாக ஒரு பெண் விலகிப் போவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் புதுக் கயிற்றுக்கு வந்தார். அதற்கடுத்த வாரம் எதற்கு வந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அத்தைதான் வழி செய்துகொடுத்தாள். "சும்மா நிக்கிறதுக்கு இந்த ராட்டைச் சுத்துங்க. எனக்குத் தோள் வலி." அவர் மேல்கோட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். முதலில் வேகமாகச் சுற்றி நூலை முறுக்கேற்றி அறுத்தார். "குதிரை இல்லைங்க அது. விரட்டாதீங்க," என்றாள் நெட்டை கொட்டகையின் நடுவிலிருந்து.

ராட்டைச் சுற்றுகிறவரும் இழை விடுகிறவளும் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். ஆகவே அவர்கள் காதலில் ரகசியம் என்று எதுவும் இருக்கவில்லை. சணல் சீவும் பெண்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். அவர் படித்த புத்தகங்களின் கதை, அவள் அம்மா இறந்த விதம், மாளிகையில் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது என்பது, இங்கே சாப்பிடும்போது அத்தையை நிறுத்த முடியாது என்பது எல்லாமே.

கயிற்றுக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்.

"அவங்களுக்கு இது மழைக்கு ஒதுங்குற மாதிரி. விட்டதும் போயிடுவாங்க. ஒழுகுற கூரை நமக்குத்தான்."

"மழை விட்டு ஆறு மாசம் ஆச்சுப்பா," என்றாள் நெட்டை.

"எதிர்த்துப் பேசக் கத்துக்கிட்டியா?"

"அத்தைகிட்ட கத்துக்கிட்டேன்."

"என்னை எதுக்குடி இழுக்கிறே," என்றாள் அத்தை. "ஆனா அண்ணே, அந்த ஆள் கண்ணுல கள்ளம் இல்ல. அதை மட்டும் நான் சொல்லுவேன்."

கயிற்றுக்காரர் இருமினார். கொட்டகைக்காரர்களுக்கு எல்லாம் இருக்கிற இருமல்தான். "கள்ளம் இல்லாதவன்னா ஊரறியக் கையெழுத்துப் போட்டுட்டு வரட்டும். அப்புறம் பேசலாம்," என்றார். அப்படிச் சொன்னால் ஆள் வரமாட்டார் என்று நினைத்தார்.

இளையவர் மறுநாள் காலையே வந்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.

பதிவாளர் அலுவலகத்தில் அவர் தன் நீளமான பெயரை எழுதினார். அவள் பெருவிரல் வைத்தாள். அன்று மாலை மாளிகையிலிருந்து ஒரு வண்டி வந்து, அவருடைய துணிப் பெட்டியைக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. அவர் அந்தப் பெட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பக்கக் கைப்பிடியை அவர் பிடிக்க, மறுபக்கத்தை அவள் பிடிக்க, உள்ளே கொண்டுபோனார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறைதான் வீடு. ஒன்றில் அப்பாவும் நடுவே திரை கட்டி அத்தையும். மற்றதில் இவர்கள். கட்டில் அவர் நீளத்துக்குப் போதுமானதாக இருந்தது. அவள் நீளத்துக்குத்தான் போதவில்லை. முதல் மாதம் அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அத்தை விளக்கெண்ணெய் தடவிவிட்டபடியே கேட்டாள், "இந்தக் கையை மாளிகைல என்ன, கண்ணாடி அலமாரியில வச்சிருந்தாங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் அத்தை."

அவர் அத்தை என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அவள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. புகை என்றாள்.

கோடையில் அவர் இழை விடக் கற்றுக்கொண்டார். அவர் விட்ட இழை எந்தக் கப்பலுக்கும் உதவாது. கயிற்றுக்காரர் அதைத் தனியாக எடுத்து வைத்து, சில்லறை மூட்டை கட்டுகிறவர்களுக்குக் கொடுத்தார். ஆனாலும் ஒருநாள் இளையவர் திரித்த இழையை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, மனுஷன் செஞ்ச மாதிரி இருக்கு," என்று சொன்னார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை. அன்று முழுவதும் இளையவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். மதிய இடைவேளையில் கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் எழுத்துகள் எழுதி நெட்டைக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் தன் பெயரைச் சுவர் முழுக்க எழுதிப் பழகினாள். தன் பெயர் இத்தனை சின்னது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

குளிர்காற்று தொடங்கியதும் அவருக்கு இருமல் வந்தது.

முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. தூசிக்குப் பழகும் வரை எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். அவருக்கு அது பழகவில்லை. ஓய்வு நாளுக்கு மறுநாள் வேலைக்கு இறங்கினால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். இரண்டாவது குளிர்காலம் பிறந்தபோது ராட்டை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தார். படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்தபடி தூங்கினார். நெட்டை அவருக்கு முதுகில் ஒரு சணல் மூட்டையை வைத்து, மறுநாள் அந்த மூட்டையை எடுத்துவிட்டுத் தானே சாய்மானமாக உட்கார்ந்தாள்.

அவர் வேறு வேலை தேடாமல் இல்லை. துறைமுகத்தில் கணக்கெழுதப் போய்க் கேட்டார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மூன்று வாரம் நாளைக்கு வாருங்கள் என்றே சொன்னார்கள். மாளிகையைப் பகைத்துக்கொண்டு அவரை வேலைக்கு வைக்க அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. வேறு ஊருக்குப் போகலாம் என்றால் கயிற்றுக்காரரும் அப்போது படுக்கையில். தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். நெட்டை நின்றால்தான் கொட்டகை நிற்கும்.

மருத்துவர் ஒரு காலையில் வந்து இளையவரின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நெட்டையைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"உங்க அப்பாவுக்கு இந்தத் தூசி பிறந்ததிலிருந்து பழக்கம். அவரையே இது விடல. இவரை இன்னொரு குளிர்காலம் தாங்க விடாது. காஞ்ச காத்து வேணும். நல்ல சாப்பாடு, ஒரு வருஷமாவது ஓய்வு வேணும்."

"இங்கேர்ந்து கூட்டிட்டுப் போயிட்டா பிழைச்சுக்குவாரா?"

"பிழைக்கலாம். இருந்தா நிச்சயமா இல்ல."

நான்காம் நாள் மாளிகை மூத்தவரே நடந்து வந்தார். மருத்துவர்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மலைப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கு. அவன் அங்க இருக்கலாம். வைத்தியர் கூடவே இருப்பார்."

"நான் எப்பவாவது போய்ப் பாத்துட்டு வரலாமா?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அம்மா ஒத்துக்க மாட்டாங்கம்மா. அவன் தனியா வரணும். இந்த உறவையே அறுத்துட்டு வரணும். நான் அவங்க கால்ல விழுந்து பாத்துட்டேன். இவ்வளவுதான் கிடைச்சது."

"அவர் வரமாட்டாருங்க. நான் சொன்னாலும் போகமாட்டார்."

"தெரியும். அதனாலதான் அவன்கிட்ட பேசாம உன்கிட்ட பேசுறேன்."

நெட்டை அன்று பகல் முழுதும் வேலை செய்தாள். மறுநாளும் செய்தாள். மூன்றாம் நாள் மதியம், சீவுகிற பெண்கள் சாப்பிடப் போயிருந்தபோது, இளையவர் கொட்டகைக்குள் வந்து அவள் பக்கத்தில் ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். அவள் இரும்புச் சீப்பில் சணலை அடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலேயே ஆரம்பித்தாள்.

"உங்க அண்ணன் வந்துட்டுப் போனார். மலை வீட்டுக்கு உங்களக் கூப்பிடுறாங்க."

"உன்னையும் சேர்த்தா?"

"இல்ல."

"அப்ப பேச்சே இல்ல."

"போங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் சணலைப் பார்த்தாள்.

"ஏன்?"

"எனக்கு முடியலைங்க. உள்ள போனா அப்பா இருமுறார், இந்தப் பக்கம் வந்தா நீங்க இருமுறீங்க. நான் யாருக்குன்னு பாக்கிறது? எனக்கும் ஒரு உடம்புதான்."

"நான் கொஞ்சம் தேறினதும்..."

"தேறமாட்டீங்க. தேறினாலும் என்ன? நீங்க விடுற இழை மூட்டை கட்டத்தான் ஆகும்." அவள் சணலை உதறினாள். தூசி பறந்தது, அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் ஆசைப்பட்டது மாளிகைக்காரர் மேல. கயித்துக்காரன்தான் வேணும்னா எனக்கு இந்தத் தெருவுலயே கிடைச்சிருப்பான்."

கொட்டகை அவ்வளவு நீளமாக இருந்தும், அந்த வார்த்தை போய் ஒதுங்க அங்கே ஒரு இடம் இல்லாத மாதிரி இருந்தது. அவர் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "நிஜமாத்தான்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து உள்ளே போய்ச் சட்டைகளை மடித்தார். மறுநாள் காலை வண்டி வந்தபோது நெட்டை கொட்டகையில் இழை விட்டுக்கொண்டிருந்தாள். சீவுகிற பெண் ஒருத்திதான் அன்று ராட்டைச் சுற்றினாள். அத்தை வாசல் வரை போய் அவரை ஏற்றிவிட்டு வந்தாள். சக்கரச் சத்தம் தேய்ந்து மறைகிற வரை நெட்டை பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். முதுகில் சுவர் இடித்த பிறகுதான் நின்றாள்.

அன்று கயிற்றுக்காரர் படுக்கையிலிருந்து கேட்டார், "நீயாத்தான் போகச் சொன்னியாமே?"

"ஆமாப்பா."

"அவனைச் சாகாம அனுப்பிட்டே. நல்லது பண்ணினே."

"கஞ்சி ஆறுது, குடிங்க."

ஏழாம் மாதம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் காகிதம் கொண்டுவந்தான். கல்யாணம் ரத்து. இளையவரின் நீளமான பெயர் ஏற்கெனவே அதில் இருந்தது. எழுத்து தெளிவாக, நடுக்கம் இல்லாமல் இருந்தது. கை தேறிவிட்டது என்று நெட்டை நினைத்தாள். அந்த ஆள் மைப்பெட்டியை நீட்டிப் பெருவிரலைக் கேட்டான். "எனக்கு எழுதத் தெரியும்," என்றாள் நெட்டை. சுவரில் மட்டுமே எழுதியிருந்த தன் பெயரை, முதல் தடவையாக ஒரு காகிதத்தில், எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதினாள்.

பிறகு கயிற்றுக்காரர் போய்ச் சேர்ந்தார். கொட்டகை அவள் தலையில் விழுந்தது, அவள் தூக்கி நிறுத்தினாள். மாளிகைச் செய்திகள் எப்படியாவது வந்துவிடும். இளையவர் குதிரை ஏறுகிறாராம். இளையவருக்குக் கல்யாணமாம், பெண் தூரத்து மாளிகையாம். பெண் குழந்தையாம். ஒவ்வொரு செய்திக்கும் அத்தை அவள் முகத்தைப் பார்ப்பாள். நெட்டை, "மூச்சுத் திணறல் இருக்காமா?" என்று மட்டும் கேட்பாள். இல்லையாம் என்றால் போதும்.

அவளைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள்தான். வேண்டாம் என்றுவிட்டாள். அவர் தன்னை வெறுத்துக்கொண்டாவது உயிரோடு இருக்கிறார் என்பதுதான் அவளுக்கு இருந்த சொத்து. ஒவ்வொரு நாளும் ராட்டுக் கொக்கியில் சணலை மாட்டும்போது, அந்தப் பொய்க்காக மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் முதல் அடி எடுத்து வைப்பாள்.

பன்னிரண்டு வருடங்கள் போயின. ஒரு பங்குனி வெயிலில், கொட்டகை வாசலில் குதிரை வண்டி நின்றது. இறங்கியவர் நன்றாகச் சதை போட்டிருந்தார். காதோரம் நரை. வாசற்படியில் நின்று உள்ளே பறக்கும் தூசியைப் பார்த்தார்.

"அங்கயே இருங்க. உள்ள வராதீங்க," என்றாள் நெட்டை. இடுப்புச் சணலை அவிழ்த்துவிட்டு அவளே வெளியே போனாள்.

கிணற்றடியில் இருந்த கல்லில் அவர் உட்கார்ந்தார். அவள் நின்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

"அம்மா போன மாசம் காலமாயிட்டாங்க," என்றார்.

"கேள்விப்பட்டேன். உங்க குழந்தை நல்லா இருக்காளா?"

"இருக்கா. வீட்டுல அவங்களும் நல்லவங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல." தம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு விஷயம் சொல்லணும். சொல்லாம செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு. அன்னிக்கு நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்."

"அண்ணன் சொன்னாரா? இல்ல, மருத்துவரா?"

"யாரும் சொல்லல. நீ சொல்லும்போதே தெரியும். ஒன்றரை வருஷம் உன்கூட இருந்தவனுக்கு உன் பொய் தெரியாதா?"

நெட்டை குனிந்து காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எனக்குச் சாகப் பயமா இருந்துச்சு. மூச்சு வராம ஒவ்வொரு தடவையும் முழிக்கும்போது, யாராவது என்னை இங்கேர்ந்து தூக்கிட்டுப் போகமாட்டாங்களான்னு நினைப்பேன். ஆனா நானா எழுந்து போறேன்னு சொல்ல வெட்கம். நீ பொய் சொன்னே. நான் அதை நம்பின மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

தூரத்தில் துறைமுகத்தில் பாரம் இறக்கும் சத்தம் கேட்டது. நெட்டை கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டு வருஷமா," என்றாள் மெதுவாக, "உங்கள ஏமாத்திட்டேன்னு தினமும் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேங்க. மனசுக்குள்ள. ஒரு நாள் விடாம."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிக்கணும்னு கேட்க நான் வரல. தாங்க முடியல, அதான்."

"அதையும் இங்கதான் கொண்டு வந்து இறக்கி வைக்கணுமா?"

அவளே மேலே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"பயமா இருக்கு, போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அப்பவும் போகத்தான் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அழுதிருப்போம். வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்திருப்பேன். வண்டி வரைக்கும் வந்து, கழுத்துல துணியைச் சுத்திவிட்டு, ஏத்தி விட்டிருப்பேன். அந்தக் காலைல எனக்கு அது ஒண்ணாவது இருந்திருக்கும்."

அவர் அழுதார். அவள் அவரைத் தொடவில்லை. குதிரை காலை மாற்றி மாற்றி வைத்தது. "கிளம்புங்க. காத்து இந்தப் பக்கம் திரும்புது, தூசி வரும்," என்றாள்.

வண்டி போன பிறகு உள்ளே வந்தாள். அத்தை ராட்டின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தாள். இப்போது அவளுக்கு முட்டி மடங்காது, முக்காலியில் உட்கார்ந்துதான் சுற்றுவாள்.

"என்னடி சொன்னார்?"

"அன்னிக்கே தெரியுமாம் அத்தை. நான் சொன்னது பொய்னு."

அத்தை வியப்படையவில்லை. நெட்டை அதைக் கவனித்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"வண்டில ஏறும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவளைப் பாத்துக்கோங்க அத்தைன்னார். கோவத்துல போறவன் அப்படிச் சொல்லுவானா? அப்பவே புரிஞ்சுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன் பொய்தான் அவரைக் காப்பாத்துச்சுங்கிற நினைப்பு, உன்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான் எப்படிடி புடுங்குறது?"

நெட்டை கீழே கிடந்த சணலை எடுத்து இடுப்பில் சுற்றப் பார்த்தாள். கை வரவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கயிற்றுக்காரர் செத்த அன்றுகூடப் பாதி நாள் ஓடிய கொட்டகை அது. அத்தை சீவுகிற பெண்களைப் பார்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றாள். அவர்கள் போனதும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்ப் பெரிய கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு வந்து, மடங்காத முட்டியை ஒருவழியாக மடக்கி, நெட்டையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெயில் இருந்தது.